அசெக்கா தெரியேல்ல

தாவீது கோலியாத்தை விழுத்தின கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பள்ளத்தாக்குக்கு மேலே அசெக்கா எண்டு ஒரு மலையூர் இருந்தது கனபேருக்குத் தெரியாது. பைபிளில் அது ஒரு விலாசம் மாதிரித்தான் வரும்: சோக்கோவுக்கும் அசெக்காவுக்கும் நடுவில் பெலிஸ்தர் பாளயமிறங்கினார்கள், அவ்வளவுதான்.

எரேமியா 34ஆம் அதிகாரத்தில் இன்னொருக்கா வருகிறது. பாபிலோன் படை யூதாவை அழித்துக்கொண்டு வருகிறது. எருசலேமைத் தவிர மிஞ்சின அரணான பட்டணங்கள் இரண்டே இரண்டு, லாகீசும் அசெக்காவும்.

1935இல் லாகீசின் நகரவாசலில் தோண்டியபோது, மையால் எழுதின 18 பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நகரம் எரிந்துபோவதற்குச் சற்று முன் எழுதப்பட்டவை. நாலாவது ஓட்டில் ஒரு வீரன் தன் மேலதிகாரிக்குச் சொல்கிறான்: லாகீசின் தீ அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியேல்ல.

அசெக்கா விழுந்துவிட்டதா, அவன் நின்ற இடத்திலிருந்து அது மறைந்திருந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அவன் 'விழுந்திட்டுது' எண்டு எழுதவில்லை. 'ஒண்டும் நடக்காது' எண்டும் எழுதவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினான். யுத்தத்துக்குள்ளே நிண்டுகொண்டு அப்படி எழுதுவது லேசில்லை. பயமும் ஆசையும் சேர்ந்து மிச்சத்தை எழுதச் சொல்லும்.

2012 முதல் அசெக்கா மேட்டிலும் அகழ்வு நடக்கிறது. இடிந்த சுவர்கள் வெளியே வருகின்றன. ஆனால் அந்த ஊரை ஆரோ ஒருவன் இருட்டுக்குள் தேடினான் எண்டு சொல்ல, அந்த ஓட்டுத்துண்டுதான் இருக்கிறது.