கரண்ட் பில்லை நம்பிக் கடன் கொடுக்க ஒரு வங்கி

வங்கியில் 35 வருடம் குப்பை கொட்டியவன் நான். சோலார், காற்றாலை என்று பேச்சு வந்தால் மற்றவர்கள் எத்தனை யூனிட் வரும் என்று கேட்பார்கள். என் புத்தி வட்டிக்கும் தவணைக்கும்தான் போகும்.

எங்கள் தெருவில் பால், ஐஸ்கிரீம் வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர் இருக்கிறார். ஒரு குளிர் அறை, நாலு ஃப்ரீசர். லாபத்தில் பாதியைக் கரண்ட் பில் தின்கிறது. கடை மாடியில் 10 கிலோவாட் சோலார் போட நினைத்து 5 லட்சம் கடன் கேட்டார். வீட்டுப் பத்திரத்தைக் கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். மூன்று வருடத்தில் அடைக்க வேண்டுமாம். வீடோ நாலு பேர் பங்கு உள்ள பூர்வீக வீடு.

"பன்னிரண்டு வருஷமா ஒரு தடவைகூட தவறாம பில் கட்டியிருக்கேன் சார். அதை யாருமே பார்க்க மாட்டேங்கிறாங்களே?" என்றார் என்னிடம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 10 கிலோவாட் என்றால் மாதம் 1,200 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 9,600 ரூபாய் மிச்சம். 5 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 3 வருடத்தில் கட்டினால் தவணை 16,000 ரூபாயைத் தாண்டும். கையிலிருந்து போட வேண்டும். அதே கடன் 9 சதவீதத்தில் 7 வருடம் என்றால் தவணை சுமார் 8,000 ரூபாய்தான். முதல் மாதத்திலிருந்தே மிச்சம். பேனலும் அதே, வெயிலும் அதே. தவணைக் காலம் மட்டும்தான் வேறு.

வங்கிக்காரர்களைத் திட்டிப் பயனில்லை. மக்கள் போடும் டெபாசிட் ஒரு வருடம், மூன்று வருடம் என்றுதான் வருகிறது. அதை வைத்து நீண்ட காலக் கடன் கொடுக்கத் தயக்கம் இருக்கும். கடன் வராமல் போனால் மாடியிலிருந்து கழற்றிய பேனலை யாரிடம் விற்பது என்ற பயமும் உண்டு. மேனேஜருக்குப் பத்திரம் இருந்தால்தான் தூக்கம் வரும்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதில்லை. விவசாயக் கடனுக்கு 1982-ல் நபார்டு வந்தது. வீட்டுக் கடனுக்கு 1988-ல் தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது. நடுவில், 1987-ல், மாற்று எரிசக்திக்காக மத்திய அரசு இரெடா என்ற கடன் நிறுவனத்தைத் தொடங்கியது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போகும்போது வரிசையாகச் சுற்றும் காற்றாடிகளைப் பார்த்திருப்பீர்கள். கணவாய்க் காற்று என்றைக்கும் இருந்தது. தொண்ணூறுகளில் இரெடா கடனும், வருமான வரியில் தேய்மானச் சலுகையும் சேர்ந்த பிறகுதான் மில் முதலாளிகள் காற்றாலை வாங்க வரிசையில் நின்றார்கள்.

2023 நவம்பரில் இரெடா பங்கு 32 ரூபாய்க்கு வெளியானபோது நம் வயதுக்காரர்கள் பலர் விண்ணப்பம் போட்டோம். நல்ல நிறுவனம்தான். ஆனால் அது பெரிய திட்டங்களுக்கான கடை. வீட்டு மாடிக்குப் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியமும், அடமானம் இல்லாத கடனும் கிடைக்கிறது. அது வீடுகளுக்கு மட்டும். நடுவில் நிற்கும் கடைக்காரருக்கும் சிறு பட்டறைக்காரருக்கும் வழி குறைவு.

வெளிநாட்டில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் 1948-ல் போருக்குப் பிந்தைய சீரமைப்புக்காகத் தொடங்கிய அரசு வங்கி கேஎஃப்டபிள்யூ. வீட்டைப் புதுப்பிக்கவோ சோலார் போடவோ நினைப்பவர் தன் வழக்கமான வங்கிக்கே போகலாம். அந்த வங்கிக்குப் பின்னால் இது நின்று பணம் தருகிறது. ஹவாய் மாநிலப் பசுமை வங்கி, கரண்ட் பில்லை ஒழுங்காகக் கட்டியவரா என்று பார்த்துக் கடன் கொடுக்கிறது. தவணையும் பில்லோடு சேர்ந்தே வரும். நம் தம்பி கேட்டதும் இதைத்தானே!

பிரிட்டன் கதை நமக்கு எச்சரிக்கை. 2012-ல் எடின்பரோவில் பசுமை முதலீட்டு வங்கி தொடங்கினார்கள். கடல் காற்றாலைகளில் துணிந்து பணம் போட்டது. 2017-ல் 230 கோடி பவுண்டுக்கு அதை ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி நிறுவனத்திடம் விற்றுவிட்டார்கள். நாலே வருடத்தில், 2021-ல், லீட்ஸ் நகரில் உள்கட்டமைப்புக்கென்று இன்னொரு அரசு வங்கி தொடங்க வேண்டி வந்தது.

நம் மாநிலத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. புதிதாகக் கிளைகள் திறக்க வேண்டாம். ஊர்தோறும் கூட்டுறவு வங்கி இருக்கிறது. பின்னால் நின்று நீண்ட காலப் பணமும், நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்கும் உத்தரவாதமும் கொடுத்தால் போதும். பத்திரத்துக்குப் பதில் பத்து வருட மின்கட்டணச் சரித்திரத்தைப் பார்க்கட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. தேர்தல் வந்தால் தள்ளுபடி என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தள்ளுபடி அறிவித்த வருடம் தவணை கட்ட வந்தவரையே பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்ததை என் கவுண்டரில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். கட்டுபவன் ஏமாளி ஆகிவிட்டால் எந்த வங்கியும் நிற்காது. கட்டிய பணம் திரும்பி வந்தால்தான் அடுத்த தெருவில் இன்னொரு மாடிக்குக் கடன் கொடுக்க முடியும்.