வீட்டுப் பட்டறை

பட்டறை என்றதும் பெரிய லேத் எந்திரம் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டா. சென்ற விடுமுறையில் கோவையிலுள்ள எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான் தொடங்கியது ஒரு வைஸ், ரம்பம், அரம், டிரில், வெர்னியர் காலிப்பர் இவற்றோடுதான். இவற்றுள் முதலில் வாங்கத்தக்கது காலிப்பரே. அளவு பிழைத்தால் கைத்திறன் என்ன செய்யும்?

அப்பாவின் பழைய ஸ்கூட்டருக்கு விளக்குத் தாங்கி கடையில் கிடைக்கவில்லை. அட்டையில் வெட்டிப் பார்த்தேன், பின்பு பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்செடுத்தேன். துளைகள் பொருந்தின. ஆயினும் பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. அந்தப் பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். எஞ்சின் சூட்டருகே நில்லாது. ஆகவே அதை மாதிரியாக வைத்துக்கொண்டு, 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் தாங்கியை அறுத்தெடுத்தேன். ஓயாத அதிர்வில் கூரிய மூலைகளில்தான் விரிசல் தோன்றும்; எனவே மூலைகளை உருட்டி அராவினேன்.

பிரேக், ஸ்டியரிங் உறுப்புகளில் மட்டும் நான் கைவைப்பதில்லை. விளக்குத் தாங்கி முறிந்தால் வண்டியை ஓரங்கட்டலாம். பிரேக் முறிந்தால் போவது உயிரன்றோ!

நண்பர்களே, உலோகமும் களைக்கும் என்று வகுப்பில் படிக்கிறோம். ஒருமுறை அரம் பிடித்துப் பாருங்கள். அந்தப் பாடம் பின்னர் மறக்காது.