பல்லேபொலவில் ஒரு சாடி ஊறுகாய்

மாத்தளையிலிருந்து யாழ்ப்பாண வீதியில் வடக்கே சென்றால், சற்றுத் தொலைவில் அலுவிகாரை வருகின்றது. பஞ்சமும் போரும் ஓதுவோரைக் குறைத்துவிட்டபோது, அதுவரை வாய்மொழியாகவே வழங்கிய திரிபிடகத்தைப் பிக்குகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதிய இடம் அது. அதனைக் கடந்து, பலாபத்வெலவில் இடப்புறம் திரும்பிப் பல்லேபொலவை அடைந்தேன். நானும் ஒன்றை எழுதிக்கொள்ளவே சென்றேன்: பாட்டியிடமிருந்து பெரியம்மாவுக்கு வந்த தேசிக்காய் ஊறுகாய்ப் பக்குவம். பெரியம்மாவுக்குக் கண்பார்வை மங்கி வருகின்றது.

வடகீழ்ப் பருவமழையில் ஊறுகாய் போடுவது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதாகும். ஆகவே மாசி வெயிலுக்குக் காத்திருந்தோம். 25 காய்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அடி பிரியாமல் நான்காகக் கீறி, பிளவுகளில் கல்லுப்பை அடைத்துச் சாடியில் இட்டார். மூன்று நாளில் உப்பு காயின் சாற்றை வெளியே இழுத்துவிடும். பிறகு பகலில் காய்கள் வெயிலில். மாலையில் மீண்டும் அந்தச் சாற்றில். தோல் வெளுத்துச் சுருங்கும் வரை இப்படியே. அயலிலுள்ள சிங்கள வீடுகளில் ‘லுணு தெஹி’ என்று இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூளும், வறுத்துப் பொடித்த வெந்தயமும் சேரும். நல்ல மிளகு விளையும் ஊரில் மிளகாய் எதற்கென்று கேட்டேன். பாட்டி அப்படித்தான் செய்தார் என்பதே விடை.

உப்பின் அளவுதான் எளிதில் அகப்படவில்லை. அவர் அள்ளியதை எண்ணி, “25 காய்க்கு ஆறு பிடி” என்று எழுதி, உரக்கப் படித்துக் காட்டினேன். பெரியம்மா என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

“உன் கை பெரிசு, தம்பி. ஐந்து என்று போடு.”