மெட்டுகளைப் பிடுங்கிய கை

எட்டு பவுண்டு. 1961-இல் தெற்கு லண்டனைச் சேர்ந்த பில் பெர்க்ஸ் என்ற 24 வயது இளைஞர் ஒரு பாஸ் கிதாருக்குக் கொடுத்த விலை அது. டல்லஸ் டக்ஸிடோ என்ற அந்த மலிவுச் சரக்கைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. அதன் உடல் பெரியது; வாங்கியவரின் கைகளோ சிறியவை. கழுத்தில் பதித்திருந்த உலோக மெட்டுகள் தந்தி அதிரும்போதெல்லாம் கூடவே கடகடத்தன. நல்ல கருவி வாங்க வசதியில்லை. கொத்தனாரின் மகன். பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் நேரத்தில் தந்தை அவரைப் படிப்பிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிட்டார். பிறகு விமானப்படையில் கட்டாயச் சேவை, கல்யாணம், ஒரு சாதாரணக் கம்பெனி வேலை. வார இறுதிகளில் நண்பர்களுடன் நடன அரங்குகளில் கிதார் வாசிப்பது ஒன்றுதான் சொந்தச் சந்தோஷம்.

அந்தக் கோடையில் ஏல்ஸ்பரி என்ற ஊருக்கு ஒரு நடன நிகழ்ச்சிக்குப் போயிருந்தார். மேடையில் பேரன் நைட்ஸ் குழு. பாட்டைவிட அவரைப் பிடித்து உலுக்கியது அடியில் ஓடிக்கொண்டிருந்த பாஸ் ஒலி. காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும் சப்தம். தன் குழுவில் அது இல்லை என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. வீடு திரும்பியதும் முதல் வேலை எட்டு பவுண்டு புரட்டியது.

வாங்கிய கருவியை அவர் வாசிக்க உட்காரவில்லை, அறுக்க உட்கார்ந்தார். தனக்கு வாகான சிறிய உருவம் ஒன்றை அதன் உடல்மீது பென்சிலால் வரைந்தார். பக்கத்தில் குடியிருந்தவரிடம் மரம் அறுக்கும் ரம்ப இயந்திரம் இருந்தது. கோட்டின் மேலேயே அறுத்தாகிவிட்டது. விளிம்புகளைச் சாய்வாக இழைத்து, பழைய சாயத்தைச் சுரண்டி எடுத்து, உள்ளே ஓடும் ஒயர்களையும் மாற்றினார். கடைசியாகக் கடகடக்கும் மெட்டுகளுக்கு வந்தார். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். கையில் காசு வந்ததும் புதிதாக வாங்கிப் பதித்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

மெட்டுகள் போன இடத்தில் வெறும் பள்ளங்கள். சும்மா ஒரு முறை மீட்டிப் பார்த்தார். ஒலி பிரமாதமாக இருந்தது. புது மெட்டுகள் வாங்கவே இல்லை.

இதில் என்ன அதிசயம் என்று வீணை பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். மெட்டு என்பது கருவிக்குள் பதித்து வைத்த ஒரு கணக்கு. தந்தியின் நீளம் 34 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும்: 1.908 அங்குலம். மிச்ச நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது மெட்டு. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், 17 அங்குலத்தில் வந்து நிற்கும். தஞ்சாவூர் ஆசாரிகள் இதே வேலையை எண்ணால் அல்ல, காதால் செய்கிறார்கள். மெழுகின் மேல் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக நகர்த்தி, கேட்டு, அழுத்துகிறார்கள். எந்த வழியானாலும் பலன் ஒன்றே. வாசிப்பவரின் விரல் கொஞ்சம் முன்பின் விழுந்தாலும் சுருதி தப்பாது. தப்புக்கு இடமில்லாத ஒரு படிக்கட்டு.

பாஸ் கிதார் பிறந்ததே இந்தப் படிக்கட்டுக்காகத்தான். 1951-இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார பாஸுக்கு அவர் வைத்த பெயர் 'பிரிஸிஷன்', அதாவது துல்லியம். அதுவரை ஆளுயர டபுள் பாஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மெட்டில்லாத கழுத்தில் சுருதியைத் தேடிக்கொண்டிருந்த வாத்தியக்காரர்களுக்கு இனி அந்தக் கவலை இல்லை என்பதே அந்தப் பெயரின் சாரம். பத்தே ஆண்டுகளில், காசில்லாத ஒருவர் லண்டனில் அந்தத் துல்லியத்தைப் பிடுங்கி எடுத்துவிட்டு, இதுதான் நன்றாக இருக்கிறது என்றார். மெட்டில்லாத பாஸ் கிதாரை ஒரு கம்பெனி முதன்முதலாகத் தயாரித்து விற்றது 1966-இல்தான். அமெரிக்காவின் ஆம்பெக். லியோ ஃபெண்டரின் பெயர் தாங்கிய கம்பெனிக்கு 1970 வரை ஆயிற்று.

1962 டிசம்பரில் செல்ஸியில் ஒரு மதுக்கடையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த, அன்று யாருக்கும் தெரியாத ஒரு குழு பாஸ் வாசிக்க ஆள் தேடியது. பெர்க்ஸ் போனார். அவரைப் பார்த்து அவர்களுக்குப் பெரிதாக உற்சாகம் வரவில்லை. வயதில் மூத்தவர், தலைவாரி ஒழுங்காக உடுத்தியவர், குடும்பஸ்தர். ஆனால் அவர் தூக்கி வந்திருந்த ஆம்ப்ளிஃபயரும், 18 அங்குல ஸ்பீக்கர் பொருத்திய பெரிய பெட்டியும் அவர்களுக்குப் பிடித்துவிட்டன. சாமானுக்காக ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு அவரைக் கேலி செய்ய இது வசதியாயிற்று. அந்தக் குழு ரோலிங் ஸ்டோன்ஸ். அவர் பில் வைமன் ஆனார், 1993-இல் விலகும்வரை 30 ஆண்டுகள் அதில் இருந்தார். ரம்பத்தால் அறுத்த அந்த எட்டு பவுண்டு கருவியின் ஒலி ஆரம்ப கால இசைத்தட்டுகள் பலவற்றின் அடியில் ஓடுகிறது. கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு அது தனியாகத் தெரிந்ததே இல்லை. பாஸின் பிழைப்பு அப்படி. நின்றுபோனால்தான் இருந்தது தெரியும். இளையராஜா பாடல்களில் பாஸை மட்டும் தனியே பிரித்துக் கேட்கப் பழகியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

மெட்டு பிடுங்கிய இன்னொரு கை ஃப்ளோரிடாவில் இருந்தது. வைமனைப்போல அடக்கமான கை அல்ல.

ஜாகோ பஸ்டோரியஸின் தந்தை டிரம்ஸ் வாசித்துப் பாடுபவர். 1951-இல் பிறந்த மகனும் முதலில் டிரம்ஸ்தான் வாசித்தான். கால்பந்தாட்டத்தில் மணிக்கட்டில் அடிபட்டதால் பாஸுக்கு மாறினான். ஜாஸ் வாசிப்பதென்றால் டபுள் பாஸ் வேண்டும் என்று காசு சேர்த்து ஒன்றை வாங்கினார் இளைஞர் ஜாகோ. ஃபோர்ட் லாடர்டேலின் கடற்காற்றை அந்த மரம் தாங்கவில்லை. ஒருநாள் எழுந்து பார்த்தால் கருவி பிளந்து கிடக்கிறது. சென்னையில் வீணை வைத்திருக்கும் வீடுகளுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். இன்னொரு டபுள் பாஸ் வாங்க வழியில்லை. அதன் குழைவு மட்டும் வேண்டும். எனவே 1962-ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒரு ஃபெண்டர் ஜாஸ் பாஸ் மெட்டில்லாத கருவியாயிற்று. வெண்ணெய் தடவும் கத்தியால் மெட்டுகளை நெம்பி எடுத்ததாக ஜாகோ சொன்னதுண்டு. வாங்கும்போதே யாரோ எடுத்துவிட்டிருந்ததாகவும் வேறொரு சமயம் சொன்னார். தன்னைப் பற்றிக் கதை சொல்வதில் அவருக்கு வஞ்சனை கிடையாது.

கதை எதுவானாலும், அடுத்து நடந்ததுதான் முக்கியம். மெட்டு இருந்த பள்ளங்களை மரப்பசையால் நிரப்பியாயிற்று. ஆனால் அவர் மாட்டியவை சுருள்கம்பி சுற்றிய எஃகுத் தந்திகள், அரம்போல் சொரசொரப்பானவை. நாளுக்குப் பல மணி நேரம் வாசித்தால் விரல்பலகையை அவை தின்றுவிடும். ஃபோர்ட் லாடர்டேல் படகுகளின் ஊர். கடல்நீர் படகின் மரத்தை அரிக்காமலிருக்கப் பூசும் எபாக்ஸி அங்கே சுலபமாகக் கிடைக்கும். அதை வாங்கிக் கழுத்தின்மேல் பூச்சுக்கு மேல் பூச்சாகப் பூசினார். காய்ந்ததும் மரம் கண்ணாடிபோல் இறுகியது. தந்தியின் ஒலி சட்டென்று அடங்காமல் நீண்டு நின்று பாடியது.

சரோத் வாசிப்பவர்களுக்கு இது பழைய செய்தி. ஆஃப்கானிஸ்தானத்திலிருந்து வந்த ரபாபின் மர விரல்பலகை இந்தியாவில் மழமழப்பான உலோகத் தகடாக மாறியது இதே காரணத்துக்காகத்தான். மெட்டும் கூடாது, ஒலியும் சாகக்கூடாது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும்போது நடுவில் இருக்கும் இடமெல்லாம் கேட்கவேண்டும். 19-ஆம் நூற்றாண்டு வட இந்தியக் கைவினைஞர்களுக்கும் படகு பூச்சு வாங்கிய ஃப்ளோரிடா பையனுக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. பிரச்னை ஒன்று என்பதால் விடையும் ஒன்றாகிவிட்டது.

1976-இல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தபோது உலகமெங்கும் பாஸ் வாசிப்பவர்கள் திகைத்துப் போனார்கள். அதே ஆண்டு வெதர் ரிப்போர்ட் குழுவில் சேர்ந்தார். ஜோனி மிச்செலின் 'ஹெஜிரா' இசைத்தட்டில் குரலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குரல்போல அந்த பாஸ் நடக்கிறது. எத்தனை பேர் அதற்குப் பிறகு தங்கள் கிதார்களின் மெட்டுகளைப் பிடுங்கினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. பிடுங்கிய கையோடு பலருக்கு ஓர் உண்மையும் தெரிந்திருக்கும்: படிக்கட்டை எடுத்தாகிவிட்டது, இனி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் விரல்தான் ஜவாப்தாரி. நூலிழை தள்ளி அழுத்தினாலும் அபஸ்வரம் எல்லோருக்கும் கேட்கும். காது தயாராக இல்லாதவர் மெட்டைப் பிடுங்கிப் பயனில்லை. புதுக் கருவியையே ஆரம்பத்திலிருந்து கையால் செய்பவர்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. நான்கு பாஸ் தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை 70 கிலோவுக்கு மேல். அதை எதிர்க்க உள்ளே ஓர் எஃகுக் கம்பியை மறைத்து வைக்கவேண்டும். அளவு தப்பினால் கழுத்து வில்லாக வளையும். ஆனால் மரவேலைத் தப்பைத் திருத்தி மறைத்துவிடலாம். சுருதித் தப்பை அப்படிச் செய்ய முடியாது.

1980-களின் தொடக்கத்தில் ஜாகோவின் மனம் நிலைதவற ஆரம்பித்தது. பித்தும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் என்று 1982-இல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். குடி அதோடு சேர்ந்துகொண்டது. வாய்ப்புகள் நழுவின. ஒரு கட்டத்தில் தானே பூசிப் பூசி உருவாக்கிய அந்தக் கருவியைத் துண்டு துண்டாக உடைத்தார். ஏன் என்று கேட்பதில் பயனில்லை. வேறு எதை உடைத்திருந்தாலும் அடுத்த நாள் இன்னொன்று வாங்கியிருக்கலாம் என்பது மட்டும் நிச்சயம்.

ஃப்ளோரிடாவில் இரண்டு கிதார் கைவினைஞர்கள் அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். சிதறிய மரத்தைப் பொருத்தி ஒட்டி, பிடிப்புக்காக முன்னும் பின்னும் மெல்லிய மரத் தகடு போர்த்தி, மறுபடி தந்தி கட்டும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். புதிதாக ஒன்று செய்வதைவிட இது பல மடங்கு வேலை. கருவி திரும்பி வந்து அதிக நாள் ஆகவில்லை. 1986-இல் நியூயார்க்கில், சென்ட்ரல் பார்க்கில், அது களவு போயிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் ஓர் இரவு விடுதி வாசலில் உள்ளே விட மறுத்தவருடன் நடந்த கைகலப்பில் ஜாகோ பலமாகத் தாக்கப்பட்டார். நினைவு திரும்பவில்லை. 1987 செப்டம்பர் 21-இல் இறந்தபோது வயது 35.

இருபது ஆண்டுகள் அந்த பாஸ் எங்கே இருந்தது என்று உலகத்துக்குத் தெரியாது. பின்னர் நியூயார்க்கில் ஒரு பழைய கிதார் வியாபாரியிடம் அது வந்து சேர்ந்ததாக 2008-இல் தகவல் வெளியாயிற்று. தொழிற்சாலையிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான ஜாஸ் பாஸ்களில் ஒன்றாக இருந்திருந்தால் அதை அடையாளம் காண்பது கஷ்டம். உடைந்து ஒட்டிய தடமும் போர்த்திய தகடும் மறைக்க முடியாத சாட்சிகள். கண்டுபிடித்ததும் சண்டை ஆரம்பம். களவு போனது எங்கள் சொத்து என்றது குடும்பம். காசு கொடுத்து வாங்கினேன் என்றார் வியாபாரி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததுதான் சங்கடம்.

2010-இல் மெட்டாலிக்கா குழுவின் பாஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ தன் பணத்தைக் கொடுத்து அதை மீட்டார். எப்போது முடிகிறதோ அப்போது குடும்பம் அதே விலையைக் கொடுத்து அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்பது உடன்பாடு. ஜாகோவின் மகன் ஃபெலிக்ஸும் பாஸ்தான் வாசிக்கிறார்.