குற்றாலத்துச் சாரலும் சுந்தரபாண்டியபுரத்துப் பூவும்

ஆனி பிறந்ததும் தென்காசிப் பக்கம் காற்று மாறிவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைய, குற்றாலத்தில் சாரல் தொடங்கும். பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என எங்கும் கூட்டம். சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும்.

அருவியில் விழும் தண்ணீர் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. சிற்றாறாக ஓடி, அணைக்கட்டுகள் வழியே குளங்களை நிரப்பி, வயலுக்குப் பாய்ந்து, மிச்சம் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அருவியில் கரையும் சோப்பும், வீசப்படும் பிளாஸ்டிக் பையும் கடைசியில் வந்து நிற்பது விவசாயியின் மடையில்தான். அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்த உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்கவும் 2022-ல் உத்தரவிட்டது. இதனால் குளிப்பவர்களுக்கு மட்டுமல்ல, கடைமடைக்காரருக்கும் நன்மைதான்.

பூப் பார்க்க வரும் கூட்டம்

குளித்து முடித்தவர்களில் பலர் அடுத்து வண்டியைத் திருப்புவது சுந்தரபாண்டியபுரத்துக்கு. 1992-ல் வந்த ‘ரோஜா’ படத்தில் கதாநாயகியின் ஊராகக் காட்டப்பட்டது இந்தக் கிராமம். ஆடி, ஆவணியில் சுற்றுவட்டாரத்தில் சூரியகாந்தி பூத்து நிற்கும்போது, கேரளத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

படம் எடுக்க வயலுக்குள் இறங்கினால் தண்டு முறிகிறது, தேனீ கலைகிறது. சூரியகாந்தியில் மணி பிடிப்பதே தேனீயால்தான். டீக்கடைக்கும் விடுதிக்கும் வருமானம். பயிர் செய்தவருக்குப் பதர்தான் மிச்சம் என்றால் அது நியாயமில்லை. அதனால்தான் சிலர் வயலில் நின்று படம் எடுக்கக் கட்டணம் வாங்குகிறார்கள். அதையே ஊராகச் சேர்ந்து ஒழுங்காகச் செய்யலாம்.

செய்ய வேண்டியவை

* முதிர்ந்த பூக்கள் கிழக்கு நோக்கியே நிற்கும். விதைக்கும்போதே வயலின் கிழக்கு ஓரத்தில் மூன்றடிப் பாதை விட்டால், உள்ளே இறங்காமலே பூவின் முகம் தெரியும்.
* காலை 11 மணி வரை தேனீக்களுக்கு விட்டுவிட்டு, அதன்பிறகு ஆட்களை அனுமதிக்கலாம்.
* பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. தேனீக்கும் கேடு, வருகிற குழந்தைகளுக்கும் கேடு.
* அடுத்தடுத்த வயல்காரர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரே கட்டணம் வைக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் கூழ், தேன், செக்கு எண்ணெய் விற்கலாம். வசூலில் ஒரு பங்கைக் குப்பை அள்ளவும் வரத்துக்கால் தூர்வாரவும் ஒதுக்க வேண்டும்.

இப்படிக் குழுவாகச் சேர்ந்து பிழைத்தவர்கள் தேக்கடியில் இருக்கிறார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயணா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள், 1990-களின் பிற்பகுதியில் வனத்துறையோடு கைகோத்தார்கள். பயணிகளுக்கு வழிகாட்டுவதும், காட்டைக் காவல் காப்பதும் அவர்கள் தொழிலானது. மரம் நின்றால்தான் தங்கள் அடுப்பு எரியும் என்ற நிலை வந்தபோது, மரத்தை வெட்டியவர்களே அதற்குக் காவலானார்கள்.

சாரல் ஓய்ந்ததும் கூட்டம் ஊருக்குத் திரும்பிவிடும். மலையும் ஆறும் குளமும் இங்கேயே இருக்கும். அவற்றை நம்பிப் பிழைப்பவர்களும் இங்கேதான் இருப்பார்கள். வருகிறவர்களுக்கு வழிவகை சொல்லும் உரிமையும் அவர்களுக்குத்தான் முதலில்.