முள்ளங்கி கேட்கும் பிள்ளையார்

வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ். சனிக்கிழமை துணி துவைக்க, அறையைப் பெருக்க, சாம்பார் பொடி வறுத்து அரைக்க என்று ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் தனியாக இருக்கிறவளுக்குப் பெரிய பாரம். அதுவும் கைக்குழந்தைப் பருவம் தாண்டாத மகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவளுக்குக் கேட்க வேண்டுமா?

நான் வேலை பார்ப்பது ஜப்பானில் ட்ஸுக்குபா என்ற ஊரில். என் கணவருக்குத் திருச்சியில் வேலை. நாலு வயது மகள் கும்பகோணத்தில் என் அம்மாவிடம் வளர்கிறாள். இரண்டு வருஷ ஒப்பந்தம். வீட்டுக் கடன் தீர்ந்துவிடும் என்ற கணக்கில் கிளம்பி வந்தேன்.

சித்திரையில் அவள் பிறந்த நாளுக்கு வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வேலை முடியாமல் லீவு கிடைக்காமல் போயிற்று. அன்றிலிருந்து குழந்தை போன் பக்கமே வருவதில்லை. "அம்மா பொய் சொல்லிட்டா" என்று சொல்லிவிட்டுப் பாயில் திரும்பிப் படுத்துக்கொள்கிறாளாம். பத்து நாளாக அவள் குரலே கேட்கவில்லை.

என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு ஜப்பானியப் பெண்மணி. என் அம்மாவைவிட நாலைந்து வயதுதான் குறைவு. "ஞாயிற்றுக்கிழமை டோக்கியோவுக்கு வா, கோயிலுக்குப் போகலாம்" என்று கையோடு அழைத்துப் போனாள்.

ட்ஸுக்குபாவிலிருந்து டோக்கியோவின் அகிஹபாரா வரை 58 கிலோமீட்டர். 2005ல் திறந்த ரயில் பாதையில் வேக வண்டி 45 நிமிஷத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அதற்கு முன்னாலேயே அசாகுஸாவில் இறங்கிவிட்டோம். வண்டியில் ஒருவரும் போனில் பேசுவதில்லை. பேசவே ஆளில்லாத எனக்கு அதுவும் ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தது!

அசாகுஸாவில் சென்ஸோஜி என்ற புத்தர் கோயில். வாசலில் ஆள் உயரத்தைவிடப் பெரிய சிவப்புக் காகித விளக்கு ஒன்று தொங்குகிறது. சுமார் 700 கிலோவாம். கி.பி. 628ல் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த அண்ணன் தம்பி இருவர் வலையில் கன்னோன் சிலை கிடைத்தது, அதற்கு எழுந்த கோயில் என்கிறது ஸ்தல வரலாறு. நம் நாட்டில் அவலோகிதேஸ்வரர் என்று சொல்கிறோமே, அவர்தான் கன்னோன். 1945 குண்டுவீச்சில் எரிந்த பெரிய மண்டபத்தை 1958ல் மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

வாசலிலிருந்து உள்ளே சுமார் 250 மீட்டருக்கு இரண்டு பக்கமும் கடைகள். நம் ஊர்க் கோயில் சன்னதித் தெரு மாதிரியேதான். அரிசி அப்பளம் நெருப்பில் வாட்டும் வாசனை. சிவப்புப் பயறை வேகவைத்து, சர்க்கரை சேர்த்துக் கிளறிய பூரணம் வைத்த பலகாரம். நடந்துகொண்டே தின்னக் கூடாது, கடை வாசலிலேயே நின்று தின்றுவிட வேண்டும். குப்பைத் தொட்டி கண்ணில் படுவது அபூர்வம். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

மண்டபத்துக்கு முன்னால் பெரிய தூபக்கலசம். எங்கே வலிக்கிறதோ அங்கே அந்தப் புகையைக் கையால் தள்ளிக்கொள்கிறார்கள். பாட்டிகள் முழங்காலுக்கு, பள்ளிப் பிள்ளைகள் தலைக்கு. நான் நெஞ்சுக்குத் தள்ளிக்கொண்டேன். கூட வந்தவள் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

நூறு யென் போட்டுச் சீட்டும் எடுத்தேன். உலோகக் குடுவையைக் குலுக்கினால் ஒரு குச்சி வெளியே வரும். அதிலுள்ள எண்ணுக்குரிய இழுப்பறையில் சீட்டு இருக்கும். எனக்கு வந்தது கெட்ட சீட்டு! "காத்திருக்கும் ஆள் வரமாட்டார்" என்று ஆங்கிலத்திலும் போட்டிருந்தது. கண் கலங்கிவிட்டது. "இதையா வீட்டுக்குக் கொண்டுபோவாய்? இங்கேயே கட்டிவிட்டுப் போ" என்று அவளே மடித்து, பக்கத்திலிருந்த கம்பியில் கட்டவைத்தாள். பிறகு, "இன்னொரு கோயில் இருக்கிறது. அங்கே உங்கள் ஊர் சாமி" என்றாள்.

ஆற்றோரமாகப் பத்துப் பதினைந்து நிமிஷ நடை. எதிர்க்கரையில் 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரம். ஆற்றங்கரைப் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்குத் தயிர்சாதம். வெளியே நூடுல்ஸ் சாறு வெறும் தெளிவாகத்தான் தெரியும், அதிலும் காய்ந்த மீனின் சாறு இருக்கும். சைவமாக இருப்பவர்கள் டப்பாவில் கட்டிக்கொண்டு போவதே உத்தமம். அவள் கொண்டுவந்தது சோற்று உருண்டை, நடுவில் உப்பில் ஊறிய புளிப்புக்காய். நம் ஊறுகாய்தான் போங்கள்!

சிறிய குன்றின் மேல் அந்தக் கோயில். மட்சுச்சியாமா ஷோடென் என்று பெயர். ஷோடென் என்பவர் வேறு யாருமல்ல, நம் பிள்ளையார்தான்! பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்கு வந்து சேர்ந்தவர். மூலவரை யாருக்கும் காட்டுவதில்லை, திரைமறைவில்தான் இருக்கிறார். ஆனால் அவருக்கு நைவேத்தியம் என்ன தெரியுமா? வெள்ளை முள்ளங்கி! முழங்கை நீளம், கை கொள்ளாத பருமன். சன்னதி முன்னால் அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். சுவரிலும் படியிலும் முள்ளங்கியும் பணப்பையும் செதுக்கியிருக்கிறது.

"ஏன் முள்ளங்கி?" என்று கேட்டேன்.

"முள்ளங்கி மனசிலுள்ள கோபத்துக்கு அடையாளம். அதை அவரிடம் கொடுத்துவிட்டால் நம்மிடமுள்ள விஷத்தை அவர் கழுவிவிடுவார்" என்றாள்.

ஒரு முள்ளங்கி வாங்கி வைத்தேன். கொடுத்தது யாருடைய கோபம்? என் மகளுடையதா, அவளை விட்டு வந்ததற்காக என்மேல் எனக்கே இருந்ததா? எனக்கே தெரியவில்லை. படைத்த முள்ளங்கியைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டேன்.

திரும்பும்போது சுரங்க ரயிலில் உவெனோ. ஆசியாவின் முதல் சுரங்க ரயில் 1927ல் ஓடியது இந்த அசாகுஸா–உவெனோ தூரத்தில்தான். அங்கே அமேயோகோ சந்தையில் துவரம்பருப்பும் புளியும் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் அறைக்கு வந்துவிட்டேன்.

இங்கே ஏழு மணி என்றால் ஊரில் மூன்றரை. குழந்தை தூங்கி எழுகிற நேரம். "அவ வரமாட்டேங்கறாடீ" என்றாள் அம்மா. "பரவாயில்லை, போனை அவள் பக்கமாத் திருப்பி வை, போதும்" என்றேன். முள்ளங்கியைத் தூக்கிக் காட்டினேன். "இந்த ஊர்ப் பிள்ளையார் இதைத்தான் சாப்பிடறார். யாருக்காவது கோபம் இருந்தா அதையும் சேர்த்துச் சாப்பிட்டுடுவாராம்."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு சின்னக் குரல்.

"அவருக்குக் கொழுக்கட்டை குடுக்க மாட்டாங்களா? பாவம்."

"நீ வந்து குடுக்கணும்னு காத்துண்டிருக்கார்."

"நீ எப்போ வருவே?"

தீபாவளிக்கு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். "டிக்கெட் வாங்கினதும் உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன். அதுக்கு முன்னாடி தேதி சொல்ல மாட்டேன்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி" என்றாள்.

அன்று ராத்திரி முள்ளங்கி சாம்பார். பாதியை மறுநாள் டப்பாவில் போட்டு, கூட வந்தவளுக்குக் கொண்டுபோனேன்.

வேலைக்காக வெளியூரோ வெளிநாடோ போகிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை அழுகிறதே என்று, கையில் இல்லாத தேதியைச் சொல்லிவிடாதீர்கள். நாம் இல்லாததைக்கூடக் குழந்தை பொறுத்துக்கொள்கிறது. நாம் சொன்னது நடக்காததைத்தான் பொறுப்பதில்லை.