அட்டை வயிற்றில் ஒரு கல்யாணம்

அட்டைன்னாலே நம்மில் பாதிப் பேருக்கு உப்பு டப்பாதான் ஞாபகம் வரும். எனக்கும்தான். ஆனால் ஆமை ரத்தத்தில் குடித்தனம் நடத்தும் ஓர் ஒட்டுண்ணியைப் பற்றிப் படித்ததிலிருந்து அட்டை மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது :-)

ஆள் பேரு ஹீமோகிரகரைனா ஸ்டெபனோவி. வாயில நுழையலையா? விடுங்க. 1885-ல் இதை விவரித்தவர் டானிலெவ்ஸ்கி. இன்றைய உக்ரைனில் இருக்கும் கார்கிவ் நகரத்துக்காரர். நம்ம ரத்தச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, ஆமைக்கு உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த உட்கரு பக்கத்திலேயே இன்னொரு உருவம் வாழைப்பழம் மாதிரி வளைந்து படுத்திருக்கும். அதுதான் நம்ம ஆள்.

இது இருப்பது ஐரோப்பியக் குளத்து ஆமையின் ரத்தத்தில். ஒரு ஆமையிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகுது? செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசு வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-ல். ஆமைக் குளத்தில் அந்தக் கொசுவின் வேலையை அட்டை பார்க்கிறது. இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்றை விரிவாக எழுதியவர் ரைக்கனோ என்ற ஜெர்மானியர், 1910-ல்.

ஆமைக்குள் இது பிரிந்து பிரிந்து பெருகும், அவ்வளவுதான். ஆணும் பெண்ணும் சேர்வது அட்டையின் குடலில். அங்கே பிறக்கும் வாரிசுகள், அட்டை அடுத்த ஆமையைக் கடிக்கும்போது உள்ளே இறங்கிவிடும். அதாவது அட்டை சும்மா ஏத்தி இறக்குற டவுன் பஸ் இல்லைங்க, கல்யாண மண்டபமே அதுதான். அட்டை இல்லைன்னா வம்சம் அத்தோடு சரி.

இதனால் ஆமைக்கு என்ன கேடு? காட்டு ஆமைகள் பெரும்பாலும் இதைச் சுமந்துகொண்டே சாதாரணமாகத் திரிகின்றன. அவற்றின் பெரிய எதிரி நாம்தான். சதுப்பு நிலத்தை வடிகட்டி வயலாக்கியதில் பல இடங்களில் இந்த ஆமை அருகிப்போனது. இப்போது ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் குஞ்சு வளர்த்துத் திரும்ப விடுகிறார்கள். நல்ல காரியம்.

எனக்கு இடிப்பது ஒண்ணுதான். ஆமை அழிந்த குளத்தில் அதை நம்பியிருந்த ஒட்டுண்ணியும் சேர்ந்துதானே போயிருக்கும்? தொட்டியில் வளர்ந்த சுத்தமான ஆமையை விட்டால் ஆமை திரும்பி வரும். கூட இருந்தது வருமா? நோஞ்சான் குஞ்சு மேல் ஒட்டிய அட்டையைப் பிடுங்கிப் போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. குளத்தில் இருப்பதை மட்டும் விட்டுவிடலாம்னு தோணுது.

புலிக்குக் கொடி பிடிக்க ஆள் இருக்கு. அட்டைக்கு யாரு இருக்கா, சொல்லுங்க?